பத்தாவது பாடம்

மூன்றாம் படிவம் முடியும் தறுவாயில் பினாங்கு மாணவர்களின் கையில் ஒரு தாள் வந்து சேர்கிறது. நான்காம் படிவத்தில் எந்தப் பாடத்தொகுப்பு வேண்டும் என்று அதில் எழுதித் தர வேண்டும். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். பள்ளியிலும் வீட்டிலும் அதற்கு 'பாக்கேஜ்' என்றுதான் பெயர். பதினைந்து வயதுப் பிள்ளை அந்தத் தாளைப் புத்தகப் பையில் மடித்து வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் சுற்றும். அண்ணனிடம் கேட்கும், டியூஷன் ஆசிரியரிடம் கேட்கும், தோழிகள் எதை எடுக்கிறார்கள் என்று பார்க்கும். கடைசியில் அடுக்களை மேசையில் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போடுவார்கள்.

அந்தத் தாளில் ஒரு எண்ணிக்கை அடங்கியிருக்கிறது. மலாய்மொழி, ஆங்கிலம், கணிதம், வரலாறு, நன்னெறிக்கல்வி என்ற ஐந்தும் முஸ்லிம் அல்லாத மாணவர் எல்லோருக்கும் கட்டாயம். தூய அறிவியல் தொகுப்பை எடுப்பவருக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடுதல் கணிதம் ஆகிய நான்கும் சேர்ந்து ஒன்பதாகும். தமிழ் எடுத்தால் பத்து. தமிழ் இலக்கியமும் எடுத்தால் பதினொன்று.

தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பதினொன்றில் இரண்டைப் பற்றித்தான் நீண்ட பேச்சு நடக்கும். ஒன்று கூடுதல் கணிதம், மாணவர் பேச்சில் 'ஆட் மேத்ஸ்'. மற்றொன்று தமிழ். இரண்டும் கடினமானவை என்று பேர் வாங்கிவிட்டன. இரண்டையும் விட்டாலும் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். சான்றிதழ் கைக்கு வந்துவிடும். "எடுத்துட்டு ரிசல்ட் கெட்டுப்போனா?" என்ற ஒரே கேள்விதான் இரண்டுக்கும் குறுக்கே நிற்கிறது. பல வீடுகளில் இவை எதிரெதிர்ப் பாடங்களாகவே பார்க்கப்படுகின்றன: அறிவியல் பக்கம் போகிறவனுக்குத் தமிழுக்கு நேரமில்லை, தமிழ் எடுக்கிறவளுக்கு ஆட் மேத்ஸ் எதற்கு? இந்த எதிரெதிர்க் கணக்கே தவறு என்பதைப் பாடங்களின் உள்ளடக்கமும் மலேசியக் கல்விக் கொள்கையின் வரலாறும் காட்டுகின்றன.

பினாங்குக்குத் தேர்வுப் படிப்பின் மீது உள்ள பற்று பழையது. 1816 அக்டோபர் 21 அன்று பாதிரியார் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் இந்த வட்டாரத்தின் மிகப் பழைய ஆங்கிலப் பள்ளிகளுள் ஒன்று. 1885-இல் தொடங்கிய குவீன்ஸ் உபகாரச் சம்பளம், நீரிணைக் குடியேற்றங்களின் சிறந்த மாணவர்களை இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. ஃப்ரீ ஸ்கூல் மாணவர் வூ லியென் தே 1896-இல் அதை வென்று கேம்பிரிட்ஜ் எம்மானுவல் கல்லூரிக்குப் போனார். 1910-11-இல் மஞ்சூரியாவில் பரவிய நுரையீரல் பிளேக்கை அடக்கிய மருத்துவர் அவர்தான். ஒரு சிறுவன் பள்ளியில் கூடுதலாக உழைத்தால் கடல் தாண்டி எங்கே போய் நிற்கலாம் என்பதற்கு ஜார்ஜ்டவுன் மக்கள் கண்ணால் கண்ட சாட்சி அது. 'நன்றாகப் படிக்கிற பிள்ளை கடினமானதைத்தான் எடுக்க வேண்டும்' என்ற எண்ணம் இந்த ஊரில் இன்றும் ஆழமாக இருப்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

அதே பள்ளியில் அதே 1816-இல் ஒரு தமிழ் வகுப்பும் தொடங்கியது. மலேசியத் தமிழ்க் கல்வியின் வயதை அந்த வகுப்பிலிருந்துதான் எண்ணுகிறார்கள். 2016-இல் நாடு முழுவதும் 200-ஆம் ஆண்டைக் கொண்டாடியதும் அதை வைத்துத்தான். அந்த முதல் வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. ஆங்கிலப் பள்ளிக்குள் தமிழ் வகுப்பைத் தக்கவைப்பது அன்றே எளிதாக இல்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

நாடு விடுதலை பெற்ற பிறகு அறிவியல், கலை என்ற பிரிவினை பிள்ளைகளின் வாழ்க்கையைத் தீர்மானிக்கத் தொடங்கியது. நூற்றுக்கு 60 பேர் அறிவியல், தொழில்நுட்பப் பிரிவிலும் 40 பேர் கலைப் பிரிவிலும் படிக்க வேண்டும் என்ற இலக்கு 1967-இல் வகுக்கப்பட்டது. அந்த 60 ஒருநாளும் எட்டப்படவில்லை. ஆனாலும் 'சயன்ஸ் கிளாஸ்' கெட்டிக்காரர்களுக்கு, 'ஆர்ட்ஸ் கிளாஸ்' மற்றவர்களுக்கு என்ற முத்திரை மட்டும் நன்றாகப் பதிந்துவிட்டது. 2020-இல் கல்வி அமைச்சு அந்தப் பிரிவினையை எடுத்துவிட்டுப் பாடத்தொகுப்பு முறையைக் கொண்டுவந்தது. காகிதத்தில் மாணவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை கூடியது. நடைமுறையில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறார், எந்தப் பாடம் அட்டவணையில் எதனோடு மோதுகிறது என்பதைப் பொறுத்துத்தான் தொகுப்புகள் அமைகின்றன. ஒரு பள்ளியில் கிடைக்கும் தொகுப்பு பக்கத்துப் பள்ளியில் கிடைக்காமல் போகலாம்.

கூடுதல் கணிதத்தை அருகில் போய்ப் பார்த்தால் அதன் பயங்கரம் கொஞ்சம் குறைகிறது. எஸ்.பி.எம்.மில் அதற்கு இரண்டு தாள்கள்: முதல் தாள் இரண்டு மணி நேரம், 80 புள்ளி, இரண்டாம் தாள் இரண்டரை மணி நேரம், 100 புள்ளி. நான்காம் படிவத்தில் சார்புகள், இருபடிச் சார்புகள், மடக்கைகள், தொடர்வரிசைகள், வெக்டர்கள். ஐந்தாம் படிவத்தில் வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம், நிகழ்தகவுப் பரவல். பட்டியலைப் படித்தாலே பலருக்கு மூச்சு வாங்கும். ஆனால் நான்காம் படிவத்தின் கடைசி அத்தியாயம் குறியீட்டெண். அதில் வரக்கூடிய ஒரு கணக்கு இது.

காலையில் நாசி லெமாக் பொட்டலம் கட்டி விற்கும் ஒருவருக்கு அரிசி, தேங்காய்ப்பால், நெத்திலி ஆகிய மூன்றும் முக்கியச் செலவு. செலவில் அவற்றின் எடை 3:2:1. ஒரு குறிப்பிட்ட ஆண்டை 100 என்று வைத்தால் இப்போது அரிசியின் விலைக் குறியீடு 120, தேங்காய்ப்பாலுக்கு 150, நெத்திலிக்கு 120. ஒவ்வொன்றையும் அதன் எடையால் பெருக்கினால் 360, 300, 120. கூட்டினால் 780. எடைகளின் கூட்டுத்தொகையான 6-ஆல் வகுத்தால் 130. செலவு 30 விழுக்காடு ஏறியிருக்கிறது. முன்பு 1 ரிங்கிட் 50 காசுக்குக் கட்டிய பொட்டலத்துக்கு இப்போது 1 ரிங்கிட் 95 காசு செலவாகிறது.

இதில் பெருக்கலும் வகுத்தலும் தவிர வேறொன்றும் இல்லை. மாணவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் வேறிடத்தில். எடை என்பது வினாத்தாளில் 'பெம்பெராட்' என்று வரும். கூட்டுக் குறியீடு 'இன்டெக்ஸ் குபஹான்' என்று வரும். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு தமிழ்வழியில் கணிதம் படித்த பிள்ளை பின்னம், விகிதம், சராசரி என்ற சொற்களோடு வளர்ந்திருக்கும். முதலாம் படிவத்தில் நுழைந்த மறுநாளே பின்னம் 'பெச்சஹான்' ஆகிறது, விகிதம் 'நிஸ்பா' ஆகிறது, சராசரி 'புராத்தா' ஆகிறது. இருமொழித் திட்டம் நடக்கும் பள்ளி என்றால் எல்லாம் ஆங்கிலத்துக்குத் தாவுகிறது. மலாய்மொழியில் பின்தங்கியவர்கள் புதுமுக வகுப்பில் ஓராண்டு கழித்துவிட்டு வருவதும் உண்டு. மூன்றாம் படிவத்தில் கணிதப் புள்ளி குறைந்த ஒரு தமிழ்ப் பிள்ளைக்குக் கணிதம் வரவில்லையா, கணிதத்தின் மொழி வரவில்லையா என்பதைப் பிரித்துப் பார்க்காமல் 'ஆட் மேத்ஸ் உனக்கு வேண்டாம்' என்று சொல்வது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் பெரிய அநியாயம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. சொல் தெரியாதவருக்குச் சில மாதங்களில் சொல் பிடிபட்டுவிடும்.

கூடுதல் கணிதத்தை விட்டால் மூடும் கதவுகளை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். பல்கலைக்கழக முன்வகுப்பான மெட்ரிகுலேஷனின் அறிவியல் பிரிவு அந்தப் பாடத்தில் கிரெடிட் கேட்கிறது. பொறியியல், காப்பீட்டுக் கணிப்பியல், கணினி அறிவியல், பொருளியல் எனப் பல துறைகள் முதல் பருவத்திலேயே நுண்கணிதத்தோடு தொடங்குகின்றன. பினாங்கில் இது வயிற்றுப்பாட்டுக் கேள்வி. 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக மண்டலம் திறந்தபோது இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலட் பேக்கார்ட், போஷ், ஹிட்டாச்சி உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் முதலில் வந்தன. அன்று அவற்றுக்கு வேண்டியது நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்து கம்பி இணைக்கும் கைகள். அதற்குப் பள்ளிப் படிப்பு அதிகம் தேவைப்படவில்லை. அரை நூற்றாண்டு கழித்து அதே சாலையில் சில்லு வடிவமைக்கும் பொறியாளர்களைத் தேடுகிறார்கள். தொழிற்சாலைப் பேருந்தில் ஷிப்டு வேலைக்குப் போன தாயின் மகள் அதே தொழிற்சாலையில் பொறியாளராக நுழைய வேண்டுமானால், பதினைந்து வயதில் அந்தத் தாளில் அவள் எழுதும் ஒரு வரி அதற்கு வழிவிட வேண்டும்.

டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வு இங்கே பொருந்தும். அங்கே 1980-களில் உயர்நிலைப் பள்ளி மாணவர் உயர்கணிதம் படிக்க வேண்டுமானால் இயற்பியலையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருந்தது. சில பள்ளிகளில் சோதனை முயற்சியாக, உயர்கணிதத்தை வேதியியலோடும் எடுக்கலாம் என்று வழி திறந்தார்கள். இயற்பியலுக்குப் பயந்து கணிதத்தையே விட்டிருக்கக்கூடிய மாணவர்கள் இந்தப் புது வழியாக உள்ளே வந்தார்கள். யோன்சன், நீல்சன் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் பிற்காலத்தில் அவர்களுடைய வருமானத்தை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். வழி திறந்ததால் கணிதம் எடுத்தவர்களின் வருமானம் உண்மையாகவே உயர்ந்திருந்தது. அவர்கள் மேற்கொண்டு அதிகம் படித்தது அதற்கு ஒரு காரணம். அந்த மாணவர்களின் திறமை முன்பும் அதேதான். மாறியது தொகுப்பு மட்டுமே. பினாங்கில் ஒரு பள்ளி தன் தொகுப்புகளை எப்படிக் கட்டுகிறது என்பது அலுவலக அறைக்குள் முடியும் சின்ன விஷயமாகத் தெரியலாம். அந்தச் சின்ன விஷயம் மனிதரின் ஆயுள் வருமானம்வரை நீளும் என்பதற்கு டென்மார்க் சாட்சி.

தமிழ்ப் பாடத்தின் கதை இன்னும் சிக்கலானது.

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன; ராமகிருஷ்ணா, ஆசாத், சுப்பிரமணிய பாரதி, ராஜாஜி, ஜாலான் சுங்கை, சுங்கை ஆரா ஆகியவை தீவிலேயே உள்ளவை. இவை எல்லாமே ஆறாம் ஆண்டோடு முடிகின்றன. மலேசியாவில் அரசுத் தமிழ் இடைநிலைப்பள்ளி ஒன்றுகூட இல்லை. பினாங்கு மாநில அரசு ஒன்றை அமைக்க முயன்றது. மத்திய அரசின் அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே ஏழாம் ஆண்டிலிருந்து தமிழ் என்பது தேசிய இடைநிலைப்பள்ளிக்குள் கேட்டுப் பெற வேண்டிய பாடமாகிவிடுகிறது. 1996-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதற்கு ஓர் எண்ணை வைத்திருக்கிறது: குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் பள்ளி தமிழ் வகுப்புக்கு வசதி செய்ய வேண்டும்.

பல பள்ளிகளில் அந்த வகுப்பு பள்ளி நேரம் முடிந்த பிறகு நடக்கிறது. மற்றவர்கள் பேருந்துக்கு ஓடும்போது தமிழ் மாணவர்கள் சிற்றுண்டிச்சாலையில் எதையாவது அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு, காலியான ஒரு வகுப்பறையில் கூடுகிறார்கள். மின்விசிறியைப் போட்டுக்கொண்டு கட்டுரைத் தாளுக்கும் கருத்துணர்தலுக்கும் மொழியணிக்கும் இலக்கணத்துக்கும் பயிற்சி செய்கிறார்கள். தமிழ் இலக்கியம் பல இடங்களில் தொண்டுள்ளம் கொண்ட ஆசிரியர்கள் வார இறுதியில் நடத்தும் வகுப்பை நம்பியே நிற்கிறது. கவிதை, நாவல், நாடகம் என்று ஒரு நூலை வரி வரியாகப் பிரித்துப் படிக்கும் அந்த வகுப்பு, மலேசியப் பள்ளிக்கூடத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளைக்குத் தன் மொழியில் கிடைக்கும் உயர்நிலை வகுப்பு. 'அட்வான்ஸ்டு' என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனம் கணிதத்துக்கும் அறிவியலுக்கும்தான் ஓடுகிறது. ஒரு பாத்திரம் ஏன் அப்படி நடந்துகொண்டது என்பதற்கு நூலிலிருந்தே சான்று காட்டி மூன்று பக்கம் எழுதுவது எந்தக் கணக்குக்கும் குறைந்த உழைப்பல்ல.

அந்த உழைப்புக்கு அரசு என்ன மதிப்புக் கொடுத்தது என்பதற்கு 2009 ஒரு பாடம். அந்தக் காலத்தில் எஸ்.பி.எம்.மில் பாடங்களைக் குவிப்பது ஒரு போட்டியாகவே ஆகியிருந்தது. 2004 தேர்வில் அமாலினா சே பக்ரி என்ற மாணவி 17 பாடங்களில் 1ஏ வாங்கி நாடறிந்த பெயரானார். அடுத்தடுத்த ஆண்டுகளில் எண்ணிக்கை இருபதைத் தொட்டது. இந்தப் போட்டியை நிறுத்துவதற்காக, 2010 முதல் ஒரு மாணவர் பத்துப் பாடங்களுக்கு மேல் எழுத முடியாது என்று அப்போதைய கல்வி அமைச்சர் முகைதீன் யாசின் அறிவித்தார். நோக்கம் சரியானது. பதினேழு, இருபது என்று பாடங்களை அடுக்குவது கல்வியாகாது. ஆனால் வெட்டு விழுந்த இடம் தவறு. அறிவியல் தொகுப்பில் ஒன்பது போக மிச்சம் ஒரே இடம். தமிழும் தமிழ் இலக்கியமும் அந்த ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ள வேண்டும்; அல்லது இரண்டும் வெளியே போக வேண்டும். தமிழ் அமைப்புகள் நாடு முழுவதும் எதிர்த்துக் குரல் கொடுத்தன. ஆண்டு முடிவதற்குள் அமைச்சரவை பத்தோடு இரண்டு சேர்த்துப் பன்னிரண்டு வரை எழுதலாம் என்று இறங்கிவந்தது. ஆனால் சேர்க்கப்பட்ட அந்த இரண்டும் அரசு உபகாரச் சம்பளக் கணக்கில் வராது என்றும் சொன்னது.

இந்தப் பிற்சேர்க்கைதான் தமிழ் வீடுகளுக்குள் ஆழமாகப் போனது. தமிழ் படிக்கலாம், எழுதலாம், சான்றிதழில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதனால் எதுவும் கிடைக்காது என்று பெற்றோர் அதைப் புரிந்துகொண்டார்கள். தமிழில் ஏ வாங்குவது கடினம் என்ற பேச்சும் அதோடு சேர்ந்துகொண்டது. ஒன்பது பாடத்தில் ஒன்பது ஏ என்று நிற்கும் சான்றிதழில் தமிழ் மட்டும் பி ப்ளஸ் என்று கறை படிந்துவிடுமோ என்ற அச்சம் பல நல்ல மாணவர்களைத் தமிழிலிருந்து விலக்கியது.

ஜோகூர் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர் இதே கேள்விக்கு வேறு விடை கொடுத்தது. அங்கே உயர்நிலைப் பள்ளியில் உயர்தமிழ் எடுத்துத் தேறும் மாணவருக்குத் தொடக்கக் கல்லூரிச் சேர்க்கையில் இரண்டு புள்ளிச் சலுகை உண்டு. தன் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாதவர் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போய்ப் படிக்கலாம். தாய்மொழியைக் கூடுதல் ஆழத்தில் படிப்பது ஒரு திறன், அந்தத் திறனுக்கு எடை உண்டு என்று அந்த நாடு சேர்க்கை விதியிலேயே எழுதிவைத்திருக்கிறது. ஒரு சமூகத்தின் மொழிப்பற்றை மட்டும் நம்பி ஒரு பாடத்தை விட்டுவிடுவதற்கும் அதற்குச் சேர்க்கை விதியில் இடம் கொடுப்பதற்கும் உள்ள தூரம் பெரியது.

பிறகு 2024 நடு ஆண்டில் பிரதமர் அன்வார் இப்ராகிம் ஓர் அறிவிப்புச் செய்தார். எஸ்.பி.எம்.மில் பத்து ஏ அல்லது அதற்கு மேல் வாங்கும் மாணவர்களுக்கு, எந்த இனத்தவரானாலும், மெட்ரிகுலேஷனில் இடம் உறுதி என்பது அதன் சாரம். மெட்ரிகுலேஷன் என்பது 1990-களின் இறுதியில் கல்வி அமைச்சு தொடங்கிய பல்கலைக்கழக முன்வகுப்பு. பெரும்பாலோருக்கு ஓராண்டில் முடியும். 2003 முதல் பூமிபுத்ரா அல்லாதவர்களுக்குப் பத்து விழுக்காடு இடம் திறக்கப்பட்டது. அந்தப் பத்து விழுக்காட்டுக்குள் இந்திய மாணவர்களுக்கு எத்தனை என்பது ஒவ்வோர் ஆண்டும் செய்தித்தாள்களில் வெடிக்கும் பிரச்சினை. ஏ மேல் ஏ வாங்கிய பிள்ளைகள் இடம் கிடைக்காமல் அழுத கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

புதிய விதியைத் தொடக்கத்தில் பார்த்த எண்ணிக்கையோடு பொருத்திப் பார்க்க வேண்டும். அறிவியல் தொகுப்பை மட்டும் எடுத்த மாணவருக்கு ஒன்பது பாடம். ஒன்பதிலும் ஏ வாங்கினாலும் அவர் பத்தைத் தொட முடியாது. அவருக்கு இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், உறுதி இல்லை. அந்த உறுதிக்குள் அவரைக் கொண்டுபோகக்கூடியது பத்தாவது பாடம். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டும் இடைநிலைப்பள்ளியில் மூன்று ஆண்டும் தமிழ் படித்துவந்த பிள்ளைக்கு, கையருகே இருக்கும் பத்தாவது பாடம் தமிழைத் தவிர வேறு என்ன? 2009-இல் கணக்குக்கு வெளியே தள்ளப்பட்ட பாடம் 2024-இல் கணக்கின் மையத்துக்கு வந்துவிட்டது. இந்தத் திருப்பத்தைப் பெற்றோர்களுக்குப் பலகையில் எழுதிக் காட்ட வேண்டியது பள்ளிகளின் கடமை. 'தமிழ் எடுத்தால் ரிசல்ட் கெடும்' என்ற பழைய பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளில் பிள்ளைகள் ஒன்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

ஆனால் ஏக்களை எண்ணுவதோடு தமிழுக்கான வாதத்தை முடித்துவிடுவது தமிழுக்கும் நியாயமில்லை, மாணவருக்கும் நியாயமில்லை. விதிகள் மாறும், 2009-இல் மாறின, 2024-இல் மாறின, மறுபடியும் மாறலாம். விதி எப்படி மாறினாலும், தமிழ்ப்பள்ளிகளுக்குத் தமிழ் ஆசிரியர்களை உருவாக்கும் பயிற்சிக் கழகங்களின் தமிழ்ப் பிரிவுக்கு எஸ்.பி.எம். தமிழ் இல்லாமல் போக முடியாது; பினாங்கிலேயே ஆசிரியர் கல்விக் கழக வளாகங்கள் இரண்டு இருக்கின்றன. 1956-இல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குப் போகும் பாதையும் இந்த வகுப்பறைகளிலிருந்துதான் தொடங்குகிறது. இடைநிலைப்பள்ளியில் தமிழ் எடுப்போர் குறைந்தால் பத்து ஆண்டு கழித்து 28 பள்ளிகளுக்கு ஆசிரியர் எங்கிருந்து வருவார்?

மெட்ரிகுலேஷன் கிடைக்காதவர்களுக்கு ஆறாம் படிவம் இருக்கிறது. வீடுகளில் அதை இரண்டாம் தரமாகப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது, 'எஸ்.டி.பி.எம். ரொம்பக் கஷ்டம்' என்ற ஒரே வாக்கியத்தில் பேச்சை முடித்துவிடுகிறார்கள். ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். கடினமானதுதான். பழைய எச்.எஸ்.சி. தேர்வின் இடத்துக்கு 1982-இல் வந்த அது, 2012 முதல் மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டு ஒன்றரை ஆண்டில் முடிகிறது. முன்பு இரண்டு ஆண்டுப் படிப்பை ஒரே மூச்சில் எழுத வேண்டியிருந்தது. இப்போது பருவந்தோறும் எழுதலாம், விழுந்த தாளைத் திரும்ப எழுதலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஏ லெவலுக்கு இணையாக அதை ஏற்கின்றன. தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். பிள்ளை வீட்டிலிருந்தே போய் வரலாம் என்பது பினாங்கில் நடுத்தரக் குடும்பங்களுக்குச் சின்ன வசதியல்ல. கெப்பாலா பத்தாஸில் உள்ள பினாங்கு மெட்ரிகுலேஷன் கல்லூரியில் ஓராண்டில் முடிப்பது வேகமான வழி. வேகம் எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துவருவதில்லை. பதினேழு வயதில் இன்னும் கொஞ்சம் பழுக்க வேண்டிய பிள்ளைக்கு அந்த ஆறு மாதம் நல்லது செய்யும்.

கடினமான வகுப்பு பிள்ளையின் மனத்தை என்ன செய்கிறது என்ற கேள்வியை மட்டும் யாரும் தட்டிக்கழிக்கக் கூடாது. அமெரிக்காவில் 1950-களின் நடுவில் தொடங்கிய அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் வகுப்புகளில் இன்று ஆண்டுதோறும் லட்சக்கணக்கான மாணவர்கள் சேர்கிறார்கள். அந்த வகுப்பில் படித்தவர்கள் கல்லூரியில் நன்றாகச் செய்கிறார்கள் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். ஆனால் நன்றாகச் செய்யக்கூடியவர்கள்தான் முதலிலேயே அந்த வகுப்பில் சேர்கிறார்கள் என்ற ஓட்டை அந்த வாதத்தில் இருந்தது. டிலன் காங்கர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஓட்டையை அடைக்க ஒரு சோதனை செய்தார்கள். தகுதியுள்ள மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு மட்டும் அறிவியல் உயர்நிலை வகுப்பில் இடம் கொடுத்தார்கள். வகுப்பில் இருந்தவர்களின் அறிவியல் திறன் கூடியதற்கு அறிகுறிகள் தெரிந்தன. அதோடு மன அழுத்தம் கூடியதும், தன்னம்பிக்கை குறைந்ததும், மதிப்பெண் அடிபட்டதும் தெரிந்தன. 2021-இல் வெளியான அந்த ஆய்வு கடின வகுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. கற்றல் கூடும்போதே நம்பிக்கை குறையலாம், இரண்டும் ஒரே பிள்ளைக்குள் ஒரே நேரத்தில் நடக்கலாம் என்று காட்டியது. நான்காம் படிவத்தின் முதல் ஆட் மேத்ஸ் தேர்வில் 28 புள்ளி வாங்கிக்கொண்டு வரும் பிள்ளையிடம், 'நீ கற்றுக்கொண்டுதான் இருக்கிறாய்' என்று சொல்ல அந்த வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும்.

எல்லோரும் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்ற முடிவுக்கு இவை எதுவும் இட்டுச்செல்லவில்லை. சட்டம் படிக்க விரும்புகிறவருக்கும், சமையற்கலைக்குப் போகிறவருக்கும், வடிவமைப்பில் மனம் வைத்தவருக்கும் கூடுதல் கணிதம் கட்டாயமில்லை. அவர்கள் அதை விட்டுவிட்டு கணக்கியலையோ தமிழ் இலக்கியத்தையோ முழு மனத்தோடு படிப்பது அறிவுள்ள தேர்வு. தவறான தேர்வு என்பது வேறு: பொறியாளராக விரும்பும் பிள்ளை மூன்றாம் படிவத்தின் ஒரு மோசமான தேர்வுத்தாளைப் பார்த்து ஆட் மேத்ஸை விடுவது, மேசைமேல் தமிழ்ப் புத்தகத்தை ஒன்பது ஆண்டு வைத்திருந்த பிள்ளை ஒரு பி ப்ளஸுக்குப் பயந்து பத்தாவது பாடத்தை விடுவது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது, டியூஷனுக்கும் பேருந்துக்கும் தூக்கத்துக்கும் போக மிச்சம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் பல வீட்டுச் சண்டைகள் தணிந்துவிடும். இரண்டு பாடத்துக்கும் இடமிருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இடமிருக்கும்.

தமிழ் விஷயத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதை ஒரு வீடு தனியாகப் போட முடியாது. ஒரு பிள்ளை தமிழை விடும்போது அந்த இழப்பு அந்தப் பிள்ளையோடு நிற்பதில்லை. எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது. பதினாறு பதினைந்தாகும், பதினைந்து பதினான்காகும். பதினான்கில் நிற்கும் வகுப்பைப் பார்த்துப் பலர் கைவிட்டுவிடுகிறார்கள், 'எங்கள் படிவத்தில் ஆள் போதவில்லை' என்கிறார்கள். கல்விச் சட்டத்தின் வாசகத்தை எடுத்து நிதானமாகப் படித்தால், அதில் படிவம் என்ற சொல்லோ வகுப்பு என்ற சொல்லோ இல்லை. பள்ளியில் பதினைந்து மாணவர்களின் பெற்றோர் என்றுதான் இருக்கிறது. முதலாம் படிவத்தில் நான்கு பேர், இரண்டாம் படிவத்தில் மூன்று பேர், நான்காம் படிவத்தில் ஆறு பேர், ஐந்தாம் படிவத்தில் இரண்டு பேர். அவர்களுடைய பெற்றோர் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தலைமையாசிரியரிடம் கொடுத்தால் சட்டம் கேட்கும் எண்ணிக்கை நிறைந்துவிடுகிறது.